ஜீப் வண்டிக்குத் துதிக்கை

2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நமது கடற்படையினர் கொக்கிளாய்க் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 8 கடல்மைல் தொலைவில், ஒரு காட்டு யானையைக் கண்டனர். நீரோட்டத்தில் இழுபட்டுப் போன அவ்விலங்கு, உடலெல்லாம் நீருள் அமிழ்ந்திருக்கத் துதிக்கையை மாத்திரம் மேலே நீட்டி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பல மணி நேரம் முயன்று, கயிறு கட்டி, அதனைக் கரைசேர்த்தார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகைகளிற் பார்த்த வாசகர் பலருக்கு அது நினைவிருக்கும்.

யானையின் அந்த உபாயத்தை இப்பொழுது ஜீப் வண்டிகளும் கைக்கொண்டிருக்கின்றன. முன் சில்லுக்கு மேலே, பக்கத் தகட்டிலிருந்து புறப்பட்டு, முன்கண்ணாடியின் ஓரமாகக் கூரை மட்டம் வரை உயர்ந்து நிற்கும் கரிய குழாயைப் பலரும் வீதியிற் கண்டிருப்பீர்கள். அதற்கு ஸ்நோர்க்கல் என்று பெயர். இயந்திரம் மூச்சிழுக்கும் வாய் அதுவேயாம். வண்டியைச் செய்தவர்கள் வைத்த மூக்கை விட்டுவிட்டு, கடையில் வேறொரு மூக்கை வாங்கிப் பொருத்துவது தகுமா, தகாதா என்பதே இன்றைய விசாரணை.

இதை நானாகத் தேடிக்கொள்ளவில்லை. அடுப்புப் புகையையும் கிணற்று நீரையும் பற்றி எழுதிவரும் இப்பத்திக்கு, வவுனியாவிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் கடன்பட்டு வாங்கிய பழைய டீசல் ஜீப் ஒன்றை, வில்பத்துக் காட்டைப் பார்க்க வருவோருக்கு வாடகைக்கு ஓட்டுகிறான். இப்பொழுது இரண்டு பொருள் வேண்டுமென்று நிற்கிறான். ஒன்று மேற்சொன்ன குழாய். மற்றது, கழுவிக் கழுவிப் பாவிக்கக்கூடிய எண்ணெய் தடவிய பஞ்சு வடிகட்டி. அதைப் போட்டால் வண்டி இழுக்கும், எண்ணெய்ச் செலவு குறையும் என்று கடைக்காரர் உறுதி சொன்னாராம். கேட்ட விலையை இங்கே எழுதப்போவதில்லை. என்னுடைய ஒரு மாத வேதனம் அதற்குப் போதாது. “தங்கச்சியின் படிப்புக்கென்று கட்டிவந்த சீட்டுக் காசு இந்த மாதம் கைக்கு வருகிறது. அதை எடுத்துக் கொடுக்கலாமா, மாஸ்ரர்?” என்று கேட்கிறார் அந்த அம்மையார்.

பௌதிகம் படிப்பிப்பவன் என்ற ஒரே உரிமையில் விடை சொல்ல முற்படுகிறேன்.

முதலில், ஓர் இயந்திரம் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நாம் பணம் கொடுத்து வாங்குவது எண்ணெய் ஆதலால் எண்ணெயையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் 1 லீற்றர் பெற்றோல் செவ்வையாக எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். டீசல் இயந்திரமோ இதைவிடவும் தாராளமாகக் காற்றை உள்ளிழுக்கும். 2.8 லீற்றர் கொள்ளளவுள்ள இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 தரம் சுழல்கிறதென வைத்துக்கொள்வோம். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை அது தன் கொள்ளளவு முழுவதையும் நிரப்புகின்றது. ஆகவே நிமிடத்துக்கு 4,200 லீற்றர். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட ஓர் அறையின் காற்றை ஏழு நிமிடத்துக்குள் குடித்து முடித்துவிடும். ‘ரேபோ’ என்னும் காற்றழுத்தி பூட்டிய வண்டியென்றால் இன்னும் விரைவிலே முடிந்துவிடும்.

அந்தக் காற்று யாழ்ப்பாணத்துக் கடற்கரைக் காற்றன்று. முன்னே செல்லும் ஜீப் கிளப்பிவிட்ட செம்மண் தூசி அதில் நிறைந்திருக்கிறது. ஆவணி, புரட்டாதி மாதங்களில் வில்பத்து வழிகளில் ஒருமுறை போய்வந்தவருடைய வெள்ளை வேட்டி இதற்குச் சாட்சி சொல்லும்.

தூசி என்றவுடன் மென்மையான ஒன்றை நினைத்துவிடலாகாது. மண்ணில் மிகுந்திருப்பது குவாட்ஸ் என்னும் படிகக் கல். கனிப்பொருட் சாத்திரத்தார் வகுத்த பத்துப்படிக் கடினத் தராதரத்தில் அது ஏழாவது படியில் நிற்கிறது. சாதாரண கத்தியின் உருக்கு ஐந்தரைப் படிக்கு மேலே செல்வது அரிது. ஆகவே மணற்றுகள் இரும்பைத் தேய்க்குமே அல்லாமல் இரும்பு மணலைத் தேய்க்காது. கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்கள் அவ்வளவு ஆபத்தானவையல்ல; எந்த வடிகட்டியும் அவற்றைத் தடுத்துவிடும். கொல்லும் துகள் கண்ணுக்குத் தெரியாதது. தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கியதில் ஒரு கூறு ஒரு மைக்ரோன். 5 முதல் 20 மைக்ரோன் வரை பருமனுள்ள துகள்களே பிஸ்ரன் வளையத்துக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையேயுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்துள் நுழைந்து அரத்தைப்போல் அராவுகின்றன. முதலில் எண்ணெய் குறையும். பிறகு நீலப் புகை வரும். பிறகு காலையில் வண்டி கிளம்ப மறுக்கும். அப்பொழுது கராஜ்காரர் சொல்லும் தொகைக்கு முன்னே வடிகட்டியின் விலை ஒரு பொருட்டாகாது.

இனி, பஞ்சு வடிகட்டியைப் பார்ப்போம். தொழிற்சாலை வைக்கும் நல்ல காகித வடிகட்டி, உள்வரும் தூசியில் நூற்றுக்கு 99க்கு மேலே பிடித்துவிடும். பஞ்சு வடிகட்டிகளைச் செய்வோர் தமது பொருளுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு நூற்றுக்கு 96 முதல் 99 வரை. ‘அது 99, இது 97, இரண்டு பங்குதானே வித்தியாசம்’ என்று நினைக்கத் தோன்றும். என் மாணாக்கரும் அப்படித்தான் நினைப்பார்கள். பிடிபட்டதை எண்ணாமல் தப்பிப்போனதை எண்ணிப் பாருங்கள். ஒரு கனமீற்றர் காற்றில் பத்தில் ஒரு கிராம் தூசி இருப்பதாக உதாரணத்துக்குக் கொள்வோம். மேற்சொன்ன இயந்திரம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 250 கனமீற்றர் காற்றை இழுக்கும். அதில் 25 கிராம் தூசி. 99.5 வீதம் தடுக்கும் வடிகட்டியைத் தாண்டிச் செல்வது ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு. 97 வீதம் தடுப்பதைத் தாண்டிச் செல்வது முக்கால் கிராம். அதாவது ஆறு மடங்கு!

இவ்வகை வடிகட்டிக்கு ஒரு நியாயமான பிறப்பிடம் உண்டு. கலிபோர்னியாவில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கே அண்ட் என் என்னும் நிறுவனம் அதனைப் பந்தய மோட்டார்ச்சைக்கிள்காரரிடையே பிரசித்தமாக்கிற்று. பந்தயக்காரனுக்கு வேண்டியது அன்றைய வெற்றி. அவன் இயந்திரத்தை அடிக்கடி பிரித்துத் தேய்ந்த வளையத்தை மாற்றிக்கொள்வான். வாடகை ஜீப் ஓட்டும் இளைஞனுக்கு அந்த வசதி ஏது? 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை இந்நாட்டுக்குத் தனியார் வாகனங்கள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், பழைய வண்டி ஒன்றின் இயந்திரம் எத்தகைய சொத்து என்பதை நாம் எல்லோருமே கண்டுகொண்டோம்.

கழுவிப் பாவிக்கலாம் என்பதும் கேட்க இனிக்கின்ற சொல்லே. கழுவி, நிழலில் உலர்த்தி, அளவாக எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் குறைந்தால் தூசி புகும். கூடினால், புதிய வண்டிகளிற் காற்றின் அளவை அறிவதற்கென வைத்திருக்கும் நுண்ணிய சூட்டுக்கம்பியில் அது படிந்து, இயந்திரத்தின் கணக்கையே பிழைக்கச் செய்யும். நாள் முழுவதும் காட்டில் ஓடிவிட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளை இத்தனை பக்குவமாக இதைச் செய்வான் என்று எனக்குத் தோன்றவில்லை. தாயார் கோபிக்கமாட்டார் என நம்புகிறேன்.

‘வண்டி இழுக்கும், எண்ணெய் மிஞ்சும்’ என்ற வாக்குறுதி என்னவாயிற்று? பெற்றோல் வண்டியைப் பற்றி முதலிற் சொல்கிறேன். மிதியைப் பாதி அழுத்தி ஓடும்போது காற்று வரும் வழியை நாமே ஒரு தகட்டினால் மறித்து வைத்திருக்கிறோம். கதவைப் பாதி சாத்திவிட்டுப் படலையை அகலமாக்குவதனால் வீட்டுக்குள் அதிக காற்று வருமா? அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தார் 2009இல் இதனைச் சோதித்தனர். புதுமுறைப் பெற்றோல் வண்டிகளில் வடிகட்டி அடைபட்டுக் கிடந்தபோதுங்கூட எண்ணெய்ச் செலவில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வேகமெடுப்பதில் மாத்திரம் தாமதம் காணப்பட்டது. அடைபட்ட வடிகட்டியே எண்ணெயைக் கூட்டவில்லையெனில், சுத்தமான காகிதத்தை எடுத்துவிட்டுப் பஞ்சை வைப்பது அதை எங்ஙனம் குறைக்கும்? டீசல் வண்டியிலோ எத்தனை துளி எண்ணெய் பீச்சவேண்டும், ரேபோ எவ்வளவு அழுத்தவேண்டும் என்பவற்றை இப்பொழுது ஒரு சிறு கணினி முன்னரே விதித்துவைத்திருக்கிறது. மூக்குத் துவாரம் பெருத்தது என்பதற்காக அது தன் விதியை மாற்றிக்கொள்ளாது. அந்தப் பிள்ளையின் வண்டி கணினி இல்லாத மிகப் பழையதானாலும், பீச்சும் பம்பியின் எல்லை அப்படியேதான் இருக்கும்.

இன்னுமொரு வகை உண்டு. தொழிற்சாலை வைத்த பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவான வடிகட்டி ஒன்றை இயந்திரத்தின் அருகே அம்மணமாக நிறுத்திவிடுவார்கள். அழகாகத்தான் இருக்கும், ‘உஸ்’ என்ற சத்தமும் வரும். ஆனால் மூடிக்குள்ளே இருக்கும் காற்று வெந்நீர்போற் கொதிக்கிறது. வெளியே 35 பாகை, உள்ளே 60 பாகை என்றால், உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ 8 வீதம் ஐதானது. பணம் கொடுத்து வலுவைக் குறைத்துக்கொள்ளும் வழி இது. சத்தம் கூடியதை வேகம் கூடியதாக எண்ணுவது மனித இயல்பு. திருவிழாக்களில் ஒலிபெருக்கி கட்டுவோருக்கு இது நன்கு தெரியும்.

குழாயின் கதை வேறு. அதை நான் அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டேன்.

ஸ்நோர்க்கல் என்ற சொல் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வந்தது. நீருக்கடியில் நின்றபடியே டீசல் இயந்திரத்துக்குக் காற்றெடுக்கும் அக்குழாயை ஜெர்மானியருக்கு முன்னரே தம் கப்பல்களிற் பொருத்தியவர்கள் ஒல்லாந்தர். 1940இல் ஒல்லாந்து வீழ்ந்தபோது அது ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. 1944இல் நேசநாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கியபோது, அவர்களுடைய ஜீப்புகளும் கவச வண்டிகளும் உயர்ந்த குழாய்களைத் தாங்கியே அலைகளுக்குள் இறங்கின. பின்னர் 1980 முதல் 2000 வரை நடைபெற்ற கமல் ட்ரோபி என்னும் காட்டுவழி ஓட்டங்களில், மஞ்சள் நிற லாண்ட் ரோவர்கள் சேற்றாறுகளைக் கடந்த படங்கள் உலகெங்கும் பரவின. இன்று கடைகளில் இக்குழாய் விற்பனையாவதற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆயினும் இதன் மெய்யான பயன் நீரில் அன்று, தூசியிலேயே இருக்கிறது. ஜீப்பின் இயல்பான மூக்கு முன்சில்லின் அருகே, தூசி எழும் உயரத்திலேயே அமைந்திருக்கும். கூரை மட்டத்துக் காற்று அதைவிடத் தெளிந்தது. செம்மண் வழிகளில் நூற்றுக்கணக்கான மைல் ஓடும் அவுஸ்திரேலியப் பண்ணைக்காரர் இதைப் பொருத்துவது ஆறு கடப்பதற்காக மாத்திரமன்று. வன்னி வயல்களில் உழுத பழைய மஸி பெர்குசன் உழவு இயந்திரங்களை நினைத்துப் பாருங்கள். தூசியைச் சுழற்றி உதறிவிட்டு, மிச்சத்தை எண்ணெய்த் தொட்டியிற் பிடித்த அவற்றின் காற்றுச் சுத்திகரிப்பை நம் கமக்காரர் நன்கு அறிவர். சிறுத்தையைக் காண்பதற்காக ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வண்டிகளின் வரிசையில் இறுதியாகச் செல்பவனுக்கு, இக்குழாய் வடிகட்டியின் சுமையைக் குறைக்கும். காசில்லாத இன்னொரு வழியும் உண்டு: முன்வண்டியின் தூசி அடங்கும்வரை பின்தங்கி ஓடுதல். சிறுத்தை அதற்குள் போய்விடும் என்று வந்தவர்கள் முறைப்பார்கள், உண்மைதான்.

நீரைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. ஒரு சிலிண்டர் 700 கன சென்ரிமீற்றர். அழுத்த விகிதம் 16. பிஸ்ரன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே எஞ்சும் இடம் ஏறத்தாழ 47 கன சென்ரிமீற்றர் மாத்திரமே. அரைக் கோப்பைத் தேநீர்கூட இல்லை. அதற்கு மிஞ்சிய நீர் உட்புகுந்த நிலையில் இயந்திரம் சுழன்றால், விலகிக்கொடுக்க வேண்டியது இரும்புதான். பிஸ்ரனைத் தாங்கும் தண்டு வளையும். சில வேளை உடைந்து பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரே கணத்தில் நிகழும் காரியம். இதைத் தடுப்பதற்கே உயர்ந்த குழாய்.

ஆனால் குழாய் உயர்ந்தாற் போதாது. அதன் வாயிலிருந்து வடிகட்டிப் பெட்டி வரைக்கும், பெட்டியிலிருந்து இயந்திரம் வரைக்கும் ஒரு பொட்டுத் துவாரமும் இருத்தலாகாது. நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் போலிகளிற் பல வெறும் அலங்காரம். இணைப்பில் இறப்பர் இல்லை. பெட்டியின் அடியில் நீர் வடிவதற்கு விட்ட துவாரம் திறந்தபடியே கிடக்கும். நீரில் இறங்கினால் வண்டி கூரையாலும் மூச்சிழுக்கும், அடியாலும் மூச்சிழுக்கும். இதனைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இயந்திரம் மெல்ல ஓடிக்கொண்டிருக்கையில், குழாயின் வாயை ஒரு தடித்த இறப்பர்த் துண்டினால் நன்றாக மூடுங்கள். கையை வைக்கவேண்டாம். இயந்திரம் திணறி நின்றுவிட்டால் குழாய் உண்மையானது. கவலையின்றி ஓடிக்கொண்டேயிருந்தால், வேறெங்கோ ஓட்டை இருக்கிறது. நீருக்கு மட்டுமன்று, தூசிக்கும் அதுவே வாசல். குழாயைப் பூட்டும்போது செய்த அந்த ஓட்டையினால், முன்னிருந்ததைவிட வண்டி கெட்டுப்போவதும் உண்டு.

அன்றியும், மூக்கு ஒன்றே வண்டியன்று. பின்னச்சுப் பெட்டிக்கும் கியர்ப் பெட்டிக்கும் சிறு சுவாசத் துளைகள் உண்டு. சூடாக ஓடிய பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கியவுடன் அவ்வழியே நீரை உறிஞ்சும். மின் கருவிகள் உண்டு. ஆகையாலேயே வண்டி செய்வோர் கடக்கத்தக்க ஆழத்தை அளவிட்டுச் சொல்கிறார்கள். பழைய லாண்ட் ரோவர் டிபெண்டருக்கு 500 மில்லிமீற்றர். ஹைலக்ஸ் வண்டிக்கு 700. போர்ட் ரேஞ்சருக்கு 800. 2020இல் வந்த புதிய டிபெண்டருக்கு 900. இந்த ஆழங்களுக்கு எவரும் கடையிற் குழாய் வாங்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள்.

அம்மா, உங்கள் கடிதத்திலே நீங்கள் கேளாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுவன்குளத்தருகே கலா ஓயாவைக் கடக்கும் பாதை மாரியில் நீரில் மூழ்குவதை உங்கள் மகன் அறிவான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது நாட்டின் ஆறுகள் எவ்வண்ணம் பெருகின என்பதையும் அவன் கண்டிருப்பான். ஓடும் வெள்ளம் 30 சென்ரிமீற்றர் உயர்ந்தாற் சிறு கார்களை மிதக்கவைத்துவிடும். 60 சென்ரிமீற்றரில் ஜீப்பையும் லொறியையும் இழுத்துச் செல்லவல்லது. அந்த 60 சென்ரிமீற்றர் அவனுடைய தொடை மட்டமே! குழாயின் வாயோ அதற்கு வெகு மேலே வறண்டு கிடக்கும். இயந்திரம் நிற்காது, மூச்சுத் திணறாது, வண்டிமட்டும் பாலத்தின் ஓரத்தை விட்டு நகர்ந்துபோகும். பின் இருக்கையில் யாரோ பெற்ற பிள்ளைகள் இருப்பார்கள். குழாய் பூட்டிய வண்டிக்காரனுக்கு வரும் துணிச்சலைத்தான் நான் அஞ்சுகிறேன். நிலையான குட்டை வேறு, ஓடும் ஆறு வேறு என்பதை அவன் வாயாற் சொல்லக் கேட்டுவிட்டுப் பிறகு காசைப்பற்றிப் பேசுங்கள்.

பஞ்சு வடிகட்டிக்குக் கொடுக்கவேண்டாம். அந்தக் காசில் நல்ல காகித வடிகட்டிகள் சிலவற்றை வாங்கி வைக்கட்டும். போலிப் பெட்டியில் வருவதை அல்ல. வடிகட்டிக்குப் பின்னுள்ள இறப்பர்க் குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை உட்புறம் தடவிப் பார்க்கட்டும். துணியில் செம்மண் ஒட்டினால், வெடித்த இறப்பரையும் தளர்ந்த இறுக்கிகளையும் மாற்றுவதே முதல் வேலை. அதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. காகித வடிகட்டியை நாள்தோறும் திறந்து தட்டுவது சிலருக்கு வழக்கம். அது கூடாது. சற்றே தூசி படிந்த காகிதம் புதுக் காகிதத்தைவிட நன்றாக வடிகட்டும். தட்டினாலும் காற்றடித்தாலும் காகிதம் பொத்துப்போகும். திறக்குந்தோறும் விளிம்பிலுள்ள மண் உள்ளே விழும்.

குழாயைப் பொறுத்தவரை, அவன் ஆண்டில் ஆறு மாதமாவது தூசி வழியில் ஓடுகிறான் ஆதலால், அது வீண்செலவென்று சொல்லமாட்டேன். இந்த மாதமே வேண்டும் என்பதுதான் இல்லை. தங்கையின் காசைத் தொடாமல், வருகிற வறட்சிக்காலத்துக்கு முன்னே அவனுடைய உழைப்பிலிருந்தே வாங்கட்டும். வாங்குவதானால் அவ்வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்ததையே வாங்கி, பூட்டுபவனின் முன்னிலையிலேயே இறப்பர்த் துண்டுச் சோதனையைச் செய்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுக்கட்டும்.

நீரிறைக்கும் மோட்டர் இரவில் மட்டும் உறுமுவது ஏன் என்று வினாவியிருக்கும் சாவகச்சேரி அன்பருக்கு அடுத்த கிழமை விடை எழுதுவேன்.